ஆன்டிவைரஸுக்கு இன்னும் பணம் கட்ட வேண்டுமா?

புதுக்கோட்டை கீழராஜ வீதியாகட்டும், அறந்தாங்கி கடைத்தெருவாகட்டும், புதுக் கணினி வாங்கி பில் போடும் நேரத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: “அண்ணே, ஆன்டிவைரஸும் சேர்த்துப் போட்டுடலாமா?” இவ்வளவு செலவழித்தாயிற்று, இன்னும் சில நூறு ரூபாய்க்கு யோசிப்பானேன் என்று பெரும்பாலோர் தலையசைத்துவிடுகிறோம். ஓராண்டு கழிந்ததும் திரையின் மூலையில் சிவப்புப் பெட்டி எழத் தொடங்கும். சந்தா முடிந்துவிட்டது, கணினி ஆபத்தில் இருக்கிறது, உடனே புதுப்பியுங்கள் என்று நாள்தோறும் நச்சரிக்கும். கட்டினால் வீண்செலவோ என்று சந்தேகம். கட்டாவிட்டால் எல்லாம் போய்விடுமோ என்று பயம்.

இந்த மாவட்டத்தில் யார் யாரிடம் கணினி இருக்கிறது என்று பார்த்தால் கேள்வியின் அகலம் புரியும். விராலிமலைத் தொழிற்சாலை அலுவலகம், ஆலங்குடிப் பக்கத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம், மணமேல்குடி இ-சேவை மையம், கீரனூர் ஜெராக்ஸ் கடை, திருமயத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோ, பொன்னமராவதியில் டேலி வைத்துக் கணக்கு எழுதும் கடை, அரசு கொடுத்த மடிக்கணினியில் படிக்கும் மாணவி, சிங்கப்பூரிலிருக்கும் மகனோடு பேச லேப்டாப் வாங்கிய வீடு. கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். பதில் ஒன்றல்ல. யாருக்கு எந்தப் பதில், ஏன் என்பதைப் பார்ப்போம்.

பயம் விலைக்கு வந்த வரலாறு

ஐ.பி.எம். வகைத் தனிக் கணினிகளைத் தாக்கிய முதல் வைரஸ் 1986-இல் லாகூரில் பிறந்தது. பாசித், அம்ஜத் என்ற இரு சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ அது. அதற்குள்ளேயே அவர்கள் பெயரும் கடை முகவரியும் தொலைபேசி எண்ணும் இருந்தன. ஃபிளாப்பியில் ஏறி நாடு நாடாகப் போனது. மறு ஆண்டே அமெரிக்காவில் ஜான் மெக்காஃபி தம் நிறுவனத்தைத் தொடங்கினார். 1992 மார்ச் 6 அன்று ‘மைக்கலேஞ்சலோ’ வைரஸ் பல லட்சம் கணினிகளை அழிக்கப்போகிறது என்று உலகமெங்கும் பரபரப்புக் கிளம்பியது. அந்த நாள் வந்து போயிற்று. கெட்டுப்போனவை சொல்லப்பட்டதில் மிகச் சிறு பங்கே. ஆனால் பயத்தை விற்க முடியும் என்பது அந்த வாரத்தில் உறுதியாகிவிட்டது.

இந்தியாவும் இதில் பின்தங்கவில்லை. புனேயில் கால்குலேட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த கைலாஷ் கட்கர், தம்பி சஞ்சய் எழுதிய நிரலைக் கொண்டு வளர்த்ததுதான் குவிக் ஹீல். சென்னையில் ஜெ. கேசவர்தனன் 1990களின் தொடக்கத்தில் தொடங்கிய கே7 ஜப்பான் சந்தை வரை போனது. மாவட்டத் தலைநகரங்கள்வரை விற்பனையாளர்கள் வந்தார்கள். சி.டி. அடங்கிய அட்டைப் பெட்டி, சுரண்டினால் தெரியும் கீ, மூன்று பேர் பங்கு போட்டு வாங்கும் பேக் என்று வியாபாரம் நம் ஊர்த் தோரணையில் அமைந்தது.

அந்தக் காலத்தில் கட்டிய பணம் வீண் என்று சொல்ல முடியாது. விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது அதற்குள் வைரஸைத் தடுக்க எதுவும் இல்லை. 2000 மே மாதம் ‘ஐ லவ் யூ’ மின்னஞ்சல் உலகைச் சுற்றி வந்தது. 2008-இல் ‘கான்ஃபிக்கர்’ பரவியது. பென்டிரைவைச் செருகினாலே உள்ளிருப்பது தானாக ஓடத் தொடங்கும் ஏற்பாடு விண்டோஸில் இருந்தது. விண்டோஸ் 7-இல் அது நிறுத்தப்பட்டது. எக்ஸ்பி, விஸ்டா கணினிகளுக்கு 2011 பிப்ரவரியில்தான் அதற்கான புதுப்பிப்பு வந்தது. அதுவரை பிரவுசிங் சென்டருக்குப் போய் வந்த பென்டிரைவ் எதுவும் சுத்தமாகத் திரும்பியதில்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் நாம் வெளியாருக்குப் பணம் கொடுத்தோம்.

ஓட்டை அடைபட்ட பிறகு

2009-இல் மைக்ரோசாப்ட் ‘செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்’ என்ற ஆன்டிவைரஸை இலவசமாகக் கொடுத்தது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது ‘டிஃபெண்டர்’ என்ற பெயரில் அது விண்டோஸுக்கு உள்ளேயே வந்துவிட்டது. 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-இலும், 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இலும் அது தொடர்கிறது. தனியாக நிறுவ வேண்டாம், கீ வேண்டாம், ஆண்டுச் சந்தா வேண்டாம். வேறு ஆன்டிவைரஸ் போட்டால் அது ஒதுங்கிக்கொள்ளும். அதை எடுத்துவிட்டால் தானாக வேலையைத் தொடங்கும். கடையில் “போட்டுடலாமா?” என்று கேட்கும்போதே அந்தக் கணினியில் ஓர் ஆன்டிவைரஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

அதன் தரம் எப்படி? தொடக்க ஆண்டுகளில் அது கடைசி வரிசையில் நின்றது உண்மை. ஜெர்மனியின் மக்டபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில் உள்ள ஏவி-கம்பேரடிவ்ஸ் ஆகிய இரண்டும் இத்துறையில் பெயர்பெற்ற சோதனைக்கூடங்கள். அண்மை ஆண்டுகளில் ஏவி-டெஸ்ட் சோதனைகளில் டிஃபெண்டர் பாதுகாப்புப் பிரிவில் முழு மதிப்பெண்ணான 6-ஐத் தொடர்ந்து எடுத்துவருகிறது. விலை கொடுத்து வாங்கும் மென்பொருட்கள் பலவும் அதே மதிப்பெண்ணைத்தான் எடுக்கின்றன.

ஒரு குறை உண்டு. டிஃபெண்டர் தன் அறிவில் பெரும்பகுதியை இணையத்தின் மறுமுனையிலுள்ள சர்வரிடம் கேட்டுத்தான் பெறுகிறது. இணையத்தைத் துண்டித்துவிட்டுச் சோதித்தால் அதன் கண்டுபிடிக்கும் திறன் இறங்கிவிடுகிறது என்பதை ஏவி-கம்பேரடிவ்ஸ் சோதனைகள் காட்டுகின்றன. நகரத்துக்காரருக்கு இது பெரிய செய்தியல்ல. நம் மாவட்டத்தில் இணையமே கொடுக்காமல், நாள் முழுக்க வாடிக்கையாளர்களின் பென்டிரைவும் மெமரி கார்டும் மட்டும் செருகப்படும் ஸ்டூடியோ, ஃபிளெக்ஸ் கடைக் கணினிகளுக்கு இதுதான் முக்கியமான செய்தி. இதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

ஆன்டிவைரஸ் வணிகத்துக்குள்ளேயே இந்த மாற்றம் முன்பே உணரப்பட்டது. 2014-இல் நார்ட்டனின் தாய் நிறுவனமான சைமன்டெக்கின் மூத்த துணைத்தலைவர் பிரையன் டை, ஆன்டிவைரஸின் காலம் முடிந்தது என்றும், தாக்குதல்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத்தான் அது பிடிக்கிறது என்றும் அமெரிக்க நாளிதழ் ஒன்றிடம் வெளிப்படையாகவே சொன்னார். அதன்பின் நிறுவனங்கள் வேறு பொருட்களைச் சேர்த்துக் கட்டி விற்கத் தொடங்கின.

பெட்டிக்குள் வேறு என்ன இருக்கிறது?

இன்று ‘டோட்டல் செக்யூரிட்டி’ என்ற பெயரில் வருவதைப் பிரித்துப் பார்க்கலாம். வி.பி.என்., பாஸ்வேர்டு சேமிப்பு, பிள்ளைகளின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிக்கும் வசதி, கணினியை வேகமாக்கும் கருவி, நம் விவரம் எங்காவது கசிந்ததா என்று பார்க்கும் சேவை. இவற்றில் பாஸ்வேர்டு சேமிப்பு நாம் பயன்படுத்தும் பிரவுசரிலேயே இருக்கிறது. பிள்ளைகளுக்கான கட்டுப்பாட்டை மைக்ரோசாப்டும் கூகுளும் இலவசமாகத் தருகின்றன. வேகமாக்கும் கருவி பெரும்பாலும் தற்காலிகக் கோப்புகளைத் துடைப்பதோடு சரி. பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் கிடைக்கும் வேகம் எந்த மென்பொருளிலும் கிடைக்காது.

பணத்துக்கு ஈடாக உண்மையில் கிடைப்பவை இரண்டு. ஒன்று, பிரச்சினை என்றால் ஃபோன் போட்டுக் கேட்க ஓர் ஆள். இரண்டாவது, வணிகப் பதிப்புகளில் மட்டும் கிடைப்பது: பத்து, இருபது கணினிகளை ஒரே இடத்திலிருந்து கவனிக்கும் வசதி. எந்தக் கணினி புதுப்பிக்கப்படவில்லை, யார் எதைச் செருகினார்கள் என்று மேலாளர் பார்க்கலாம். பென்டிரைவையே தடை செய்யலாம். வீட்டுக்கு இந்த இரண்டாவது தேவையே இல்லை. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கூட்டுறவு நிறுவனத்துக்கும் அது பெரிய உதவி.

பாதுகாப்பு மென்பொருளே தொல்லையான கதைகள்

ஆன்டிவைரஸ் போட்டால் கூடுதல் நன்மை இல்லாவிட்டாலும் கெடுதல் ஒன்றுமில்லையே என்று நினைப்பது இயல்பு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கணினியின் எல்லாக் கோப்புகளையும் திறந்து பார்க்கும் அதிகாரம் ஆன்டிவைரஸுக்குக் கொடுக்கப்படுகிறது. அதில் ஒரு பிழை நேர்ந்தால் அதன் விளைவும் அதே அளவுக்குப் பெரியது.

2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய ஒரு புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பு ஒன்றை வைரஸ் என்று தவறாகப் பிடித்தது. உலகெங்கும் அலுவலகக் கணினிகள் மறுபடி மறுபடி அணைந்து எழுந்துகொண்டிருந்தன. 2016-இல் கூகுளின் பாதுகாப்பு ஆய்வாளர் டேவிஸ் ஆர்மண்டி, சைமன்டெக், நார்ட்டன் மென்பொருட்களிலேயே ஆபத்தான ஓட்டைகள் இருப்பதை வெளியிட்டார். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸைப் பயணிகள் வாங்கிச் சென்றது அன்றுதான்.

இலவச ஆன்டிவைரஸ் என்று வெளியிலிருந்து இறக்கிப் போடுவதிலும் ஒரு விலை உண்டு. அவாஸ்ட் தன் பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போகிறார்கள் என்ற விவரத்தை ‘ஜம்ப்ஷாட்’ என்ற துணை நிறுவனம் வழியாக விற்றது. செய்தி வெளியானதும் 2020 ஜனவரியில் அந்தத் துணை நிறுவனம் மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க வணிக ஆணையம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. அவாஸ்ட், ஏவிஜி, அவிரா, நார்ட்டன் ஆகிய நான்கும் இன்று ‘ஜென் டிஜிட்டல்’ என்ற ஒரே நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. கடையில் நான்கு பெட்டிகளைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பவர், ஒரே முதலாளியிடம்தான் போய்ச் சேருகிறார்.

உள்நாட்டு நிறுவனமும் விதிவிலக்கல்ல. ஈஸ்கேன் தன் புதுப்பிப்புகளைப் பாதுகாப்புக் குறைந்த இணைப்பு வழியாக அனுப்பிவந்ததைத் திருடர்கள் பயன்படுத்தி, நடுவழியில் தங்கள் நிரலைச் செருகியது 2024 ஏப்ரலில் வெளியானது. ரஷ்ய நிறுவனமான காஸ்பர்ஸ்கிக்கு அமெரிக்கா 2024-இல் தடை விதித்தபோது, அங்கிருந்த வாடிக்கையாளர்கள் பலரின் கணினியில் ‘அல்ட்ராஏவி’ என்ற வேறொரு மென்பொருள் தானாக வந்து உட்கார்ந்தது.

இவற்றைச் சொல்வது எந்த நிறுவனத்தையும் பழிக்க அல்ல; டிஃபெண்டரிலும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டு அடைக்கப்பட்டிருக்கின்றன. விண்டோஸை நம்பித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில், அதற்கு மேல் இன்னொரு நிறுவனத்தையும் நம்புவதற்குத் தக்க காரணம் வேண்டும் என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

நம் ஊர்க் கணினி எதனால் கெடுகிறது?

முதல் காரணம் கிராக். ஒரிஜினல் விண்டோஸ் விலை அதிகம் என்று சர்வீஸ் கடையில் கிராக் விண்டோஸ் போட்டுக்கொண்டு, அதன் மேல் பணம் கொடுத்து ஒரிஜினல் ஆன்டிவைரஸ் போடும் வழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. கூரை பிரிந்த வீட்டுக்குத் திண்டுக்கல் பூட்டு வாங்கிய கதை இது. கிராக் போடும்போது வரும் முதல் அறிவுரையே “ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க” என்பதுதான். நாமே கதவைத் திறந்துவிடுகிறோம். வீட்டுக் கணினிகளை அதிகம் தாக்கிய ‘ஸ்டாப்’ என்ற ரேன்சம்வேர் குடும்பம் பெரும்பாலும் கிராக்குகளோடும் கீ உருவாக்கும் நிரல்களோடும்தான் பரவியது. கல்யாண ஆல்பம், பிள்ளையின் புராஜெக்ட், கடையின் கணக்கு எல்லாம் பூட்டப்பட்டு, திறக்க டாலரில் பணம் கேட்கும் அறிவிப்பு மட்டும் மிஞ்சும்.

இரண்டாவது, காலாவதியான விண்டோஸ். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்டின் ஆதரவு 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இலும் முடிந்தது. ஆதரவு முடிவது என்றால் என்ன என்பதற்கு 2017 மே மாதத்து ‘வான்னாக்ரை’ தாக்குதலே சான்று. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதைப் போட்டவர்கள் தப்பினார்கள். போடாதவர்கள் நூற்றைம்பது நாடுகளில் அகப்பட்டார்கள். ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும், கேரளத்தில் வயநாட்டுத் தரியோடு ஊராட்சி அலுவலகக் கணினிகளும் அதில் அடக்கம். நம் பக்கத்து ஊராட்சி அலுவலகம் போன்ற ஓர் இடம்தான் அதுவும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியலை விண்டோஸ் 10-க்கு 2028 அக்டோபர் வரை தருவதாக மைக்ரோசாப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் விண்டோஸின் ஓட்டைகளை அடைக்கும் புதுப்பிப்பு வேறு. அது வீட்டுப் பயனர்களுக்கு, தனியாகப் பதிவு செய்துகொண்டால், 2026 அக்டோபர் 13 வரை உண்டு. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமித்துவைத்தால் அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. எந்த ஆன்டிவைரஸ் வாங்கினாலும் இந்தப் புதுப்பிப்புக்கு அது மாற்றாகாது.

மூன்றாவது, பென்டிரைவ். தானாக ஓடும் வசதி போனாலும் ‘ஷார்ட்கட் வைரஸ்’ இன்னும் ஜெராக்ஸ் கடைகளில் உலவுகிறது. உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும். நாம்தான் கிளிக் செய்து ஓடவிடுகிறோம்.

நான்காவது, கடைக் கணக்கை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்குத் திறந்துவைத்து, 12345 என்று பாஸ்வேர்டு வைப்பது. திருடன் உரிய பாஸ்வேர்டோடு உள்ளே வந்து, ஆன்டிவைரஸைத் தன் கையாலேயே நிறுத்திவிட்டு டேலி கோப்புகளைப் பூட்டுவான்.

இந்த நான்கில் மூன்றுக்கு ஆன்டிவைரஸ் நேரடியான மருந்தல்ல.

பணம் போகும் வழி வேறு

2024-இல் இந்தியர்கள் இணைய மோசடிகளில் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டு 7,465 கோடி. ஓராண்டில் மூன்று மடங்கு. பங்குச் சந்தையில் லாபம் என்று வாட்ஸ்ஆப் குழு, வீட்டிலிருந்தே வேலை, போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டல், ஓ.டி.பி. கேட்டு அழைப்பு. இவற்றில் கணினி வைரஸுக்கு வேலையே இல்லை. மனிதரைப் பயமுறுத்தியோ ஆசை காட்டியோ அவர் கையாலேயே பணத்தை அனுப்ப வைக்கிறார்கள்.

வைரஸ் வரும் இடம் இப்போது செல்போன். ‘பி.எம். கிசான்’ தவணைக்கு கே.ஒய்.சி., போக்குவரத்து அபராதச் சலான், கல்யாணப் பத்திரிகை என்ற பெயர்களில் வாட்ஸ்ஆப்பில் ஏ.பி.கே. கோப்பு வருகிறது. தொட்டு நிறுவினால், வரும் எஸ்.எம்.எஸ். அத்தனையும் திருடனுக்கும் போகும். விவசாயி நிறைந்த மாவட்டத்துக்குக் கிசான் பெயரில் வரும் கோப்பு எவ்வளவு பொருத்தமான தூண்டில் என்று சொல்ல வேண்டியதில்லை. பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து எதையும் நிறுவாதிருப்பதும், ‘பிளே புரொடெக்ட்’ வசதியை அணைக்காதிருப்பதும் இங்கே முதன்மையான காப்பு. பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையமும், அதிகாரப்பூர்வ ஸ்டோரிலிருந்து மட்டும் செயலிகளை எடுப்பவருக்குச் செல்போனில் தனி ஆன்டிவைரஸ் தேவையில்லை என்றே சொல்கிறது. 2019-இல் ஏவி-கம்பேரடிவ்ஸ் 250 ஆண்ட்ராய்டு ஆன்டிவைரஸ் செயலிகளைச் சோதித்தபோது, 80 மட்டுமே குறைந்தபட்சத் தகுதியைத் தாண்டின. மற்றவற்றில் பல வெறும் பெயர்ப்பலகை.

வைரஸ் மீதுள்ள பயமே மோசடிக்கு முதலாகவும் ஆகிறது. “உங்கள் மெக்காஃபி முடிந்தது”, “நார்ட்டனுக்கு உங்கள் கணக்கில் பணம் எடுக்கப்பட்டது, வேண்டாமென்றால் இந்த எண்ணுக்கு அழைக்கவும்” என்று வரும் அறிவிப்புகளில் பெருவாரியானவை போலி. அழைத்தால், தொலைவிலிருந்தே கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க் மென்பொருளைப் போடச் சொல்வார்கள். பிறகு கணினியும் வங்கிக் கணக்கும் அவர்கள் கையில். இப்படி வெளிநாட்டவரை ஏமாற்றிய கால் சென்டர்கள் மீது 2023 அக்டோபரில் சி.பி.ஐ. ‘ஆபரேஷன் சக்ரா’வின் இரண்டாம் கட்டச் சோதனையை நடத்தியது. புகார் கொடுத்தவை மைக்ரோசாப்டும் அமேசானும்.

சந்தா என்னும் கண்ணி

உண்மையான நிறுவனங்களின் விற்பனை முறையிலும் விழிப்பு வேண்டும். முதலாண்டு தள்ளுபடி விலை; அடுத்த ஆண்டு கார்டிலிருந்து முழு விலை தானாகக் கழியும். 2021 அக்டோபர் முதல், இப்படித் தானாகக் கழிக்கும் முன் 24 மணி நேரத்துக்கு முன்னதாக அறிவிப்பு அனுப்ப வேண்டும், வேண்டாமென்று நிறுத்தும் வழியும் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள். யு.பி.ஐ. செயலியில் ‘ஆட்டோபே’ பகுதியைத் திறந்தால் எதற்கெல்லாம் அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று தெரியும். அங்கேயே ரத்து செய்யலாம்.

2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. சந்தாவிலிருந்து விலக முடியாமல் சிக்கவைப்பது, இல்லாத அவசரத்தைக் காட்டுவது, விடாமல் நச்சரிப்பது, கணினியில் வைரஸ் இருப்பதாகப் பொய்யாகப் பயமுறுத்திப் பணம் கேட்பது ஆகியவை அதில் உண்டு. புகாருக்கு 1915.

யார் கட்டலாம், யார் நிறுத்தலாம்?

வீட்டில் ஒரிஜினல் விண்டோஸ் 11 உள்ள லேப்டாப், இணைய இணைப்பு, புதுப்பிப்பு ஒழுங்காக வருகிறது என்றால் சந்தாவை நிறுத்திவிடலாம். மாணவர்களும் அப்படியே. அரசு மடிக்கணினியில் விண்டோஸோடு தரப்படும் பாஸ் லினக்ஸையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம். அது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம். விண்டோஸுக்கு எழுதிய வைரஸ் அதில் ஓடாது.

கிராக் விண்டோஸோ விண்டோஸ் 7-ஓ வைத்திருப்பவர் ஆன்டிவைரஸுக்குக் கட்டும் பணம்தான் முழு வீண். அவருக்கு இரண்டு வழி: ஒரிஜினல் விண்டோஸ், இல்லையேல் லினக்ஸ். தமிழ்நாடு அரசு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக சி. உமாசங்கர் இருந்த காலத்தில் அந்நிறுவனத்தின் கணினிகள் சூசே லினக்ஸுக்கு மாறின. கேரளத்து அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில்தான் இயங்குகின்றன. இணையம் பார்க்கவும் கடிதம் அடிக்கவும் மட்டும் பயன்படும் பழைய கணினிக்கு இது போதும்.

இணையம் இல்லாமல் பென்டிரைவால் வாழும் ஸ்டூடியோ, பிரிண்டிங் கடைகள் சந்தா கட்டுவதில் நியாயம் உண்டு. மாற்று வழியும் உண்டு: அந்தக் கணினிக்கு நாளுக்கு ஒருமுறையாவது இணையம் கொடுத்து டிஃபெண்டரைப் புதுப்பிப்பது.

இ-சேவை மையங்களுக்கு நிலைமை வேறு. விரல்ரேகைக் கருவி பெரும்பாலும் விண்டோஸை எதிர்பார்க்கிறது. ஆதார் எண்ணும் வருமானச் சான்றும் பட்டா நகலும் அங்கே தங்குகின்றன. ஊராரின் ஆவணங்களைக் கையாள்பவருக்கு ஒரிஜினல் விண்டோஸ் கட்டாயம். வேலை முடிந்ததும் நகல்களை அழிப்பது அதைவிடக் கட்டாயம். அதன்பின் ஆன்டிவைரஸ் அவரவர் விருப்பம்.

கூட்டுறவுச் சங்கம், மருத்துவமனை, பள்ளி, ஆடிட்டர் அலுவலகம் ஆகியவை வணிகப் பதிப்புக்குக் கட்டலாம், கட்டுவது நல்லது. 2022 நவம்பர் 23 அன்று ரேன்சம்வேரால் முடங்கிய டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை ஏறத்தாழ இரண்டு வாரம் பேப்பரும் பேனாவுமாக இயங்கியது. 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் என்ற தொழில்நுட்ப நிறுவனம் தாக்கப்பட்டபோது, கூட்டுறவு வங்கிகளும் கிராம வங்கிகளுமாக ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப் பரிமாற்றம் தற்காலிகமாகத் துண்டிக்கப்பட்டது. நாட்டின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் 2022-இல் தொடங்கிய மத்தியத் திட்டத்தில் கணினிமயமாகிவருகின்றன. நகைக்கடன் பேரேடு கணினிக்குள் போன பின் அதன் காவலும் கணினி வழியில்தான். போதாததற்கு, 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. தக்க பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது சட்டம்.

நிறுத்துபவர் செய்ய வேண்டியவை

சந்தா முடிந்த ஆன்டிவைரஸை அப்படியே விட்டுவைக்காமல் முழுமையாக நீக்குங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்து, ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ பகுதியில் எல்லாம் பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே ‘ரேன்சம்வேர் புரொடெக்‌ஷன்’ என்ற இடத்தில் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ இருக்கும்; வழக்கமாக அணைந்திருக்கும் அதை இயக்குங்கள். ஏதாவது நல்ல மென்பொருளைத் தடுத்தால் அதற்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். சந்தேகம் வந்தால் ஒருமுறை சோதிக்க, மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் நம் நாட்டு ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் இலவச நீக்குக் கருவிகள் கிடைக்கின்றன. கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டால், பணம் அனுப்பும் முன் ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தைப் பாருங்கள். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2016 முதல் நடத்திவரும் அதில் பல ரேன்சம்வேர்களுக்கு மாற்றுச் சாவி இலவசமாக உண்டு.

மிச்சமாகும் சந்தாப் பணத்துக்கு ஒரு செலவு இருக்கிறது. இரண்டு, மூன்று ஆண்டுச் சந்தாவைச் சேர்த்தால் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கின் விலையில் பெரும்பகுதி வந்துவிடும். வாரம் ஒருமுறை அதில் நகலெடுத்து, எடுத்ததும் கணினியிலிருந்து கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியே வைத்தால் ரேன்சம்வேர் அதையும் பூட்டிவிடும். வைரஸ் வந்தாலும், டிஸ்க் எரிந்தாலும், லேப்டாப் திருடு போனாலும் காப்பாற்றுவது இந்த நகல்தான். எந்த ஆன்டிவைரஸும் இந்த மூன்றையும் செய்யாது.

மீதி வேலை பணத்தால் ஆவதில்லை; சொல்லிக்கொடுத்தால் ஆவது. அதற்கு இந்த மாவட்டத்தில் முன்னுதாரணம் உண்டு. 1991-இல் அறிவொளி இயக்கம், அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு, எழுத்தையும் சைக்கிளையும் ஒருசேர ஆயிரக்கணக்கான பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. 2015 அக்டோபர் 11 அன்று தமிழ் வலைப்பதிவர் திருவிழாவை நடத்திக் காட்டியது புதுக்கோட்டையின் கணினித் தமிழ்ச் சங்கம். ஏ.பி.கே. கோப்பைத் தொடாதே, வீடியோ காலில் போலீஸ் கைது செய்யாது, ஓ.டி.பி.யைச் சொல்லாதே என்ற மூன்று பாடங்களை மகளிர் குழுக் கூட்டத்திலும் கிளை நூலகத்திலும் இ-சேவை மையத்து வரிசையிலும் சொல்ல ஆசிரியர்களும் வாசகர்களும் முன்வர வேண்டும்.

முடிவு இதுதான்: ஒரிஜினல் விண்டோஸும் ஒழுங்கான புதுப்பிப்பும் தனியாக எடுத்துவைத்த நகலும் உள்ள வீட்டுக்குச் சந்தா தேவையில்லை, இந்த மூன்றும் இல்லாத இடத்தில் சந்தா காப்பாற்றாது, பிறருடைய ஆவணத்தையும் பணத்தையும் வைத்திருக்கும் நிறுவனம் இந்த மூன்றோடு சந்தாவையும் கட்டட்டும். இவற்றையெல்லாம் மீறிப் பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல், அந்த நிமிடமே 1930-க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறும் முன் அழைத்தால்தான் அதை முடக்கி மீட்க வாய்ப்பு அதிகம்.